கூடமா, தனி அறையா, தாய்க்கும் ஒரு கட்டிலா? மலைக்குத் தோதான பச்சிளம் குழந்தைப் பிரிவு எது

நீலகிரியில் ஒரு மருத்துவமனையின் பச்சிளம் குழந்தைப் பிரிவை, அதாவது குறைமாதத்திலோ எடை குறைவாகவோ பிறந்த பிள்ளைகளை வைத்துப் பார்க்கும் இடத்தை, புதிதாக அமைக்கப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மேசையில் மூன்று வரைபடங்கள் இருக்கும். ஒன்று, நமக்குப் பழக்கமான கூடம்: வரிசையாக வார்மர்கள் (குழந்தையைச் சூடாக வைத்திருக்கும் படுக்கைகள்), தாய்மார் வேறொரு வார்டில். இரண்டாவது, குடும்பத்துக்கு ஒரு தனி அறை. மூன்றாவது, நான்கு நான்கு குழந்தைகளாகத் தடுத்து, ஒவ்வொரு வார்மரின் பக்கத்திலும் தாய்க்கு ஒரு கட்டில். என் ஓட்டு மூன்றாவதுக்கு. மற்ற இரண்டையும் லேசில் தள்ளிவிடவும் முடியாது.

கூடத்தின் பலம், நர்ஸ் ஒரே இடத்தில் நின்று எல்லாக் குழந்தைகளையும் பார்க்க முடிவது. மூன்று நான்கு குழந்தைகளுக்கு ஒரு நர்ஸ் என்பது கணக்கு. ராத்திரி ஷிப்டில் ஒருவர் வராவிட்டால் அந்தக் கணக்கு என்னாகும் என்று சொல்லத் தேவையில்லை. அன்றைக்குக் கூடம்தான் கைகொடுக்கும். சிக்கல் சத்தத்தில் இருக்கிறது. பச்சிளம் பிரிவில் 45 டெசிபலைத் தாண்டக்கூடாது என்கிறார்கள். நாம் சாதாரணமாகப் பேசுவதே 60ஐத் தொடும். ஒரு அலாரம் அடித்தால் எல்லாப் பிள்ளைகளும் திடுக்கிடும்.

அதைவிடப் பெரிய சிக்கல் தாய். சிசேரியன் தையலோடு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பாலைப் பீய்ச்சிக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு வராந்தாவில் நடக்க வேண்டும், அதுவும் ஊட்டியின் ஜனவரிக் குளிரில். சில நாளில் அவளுக்கு டிஸ்சார்ஜ் எழுதிவிடுவார்கள். எடை கூடும்வரை குழந்தை மட்டும் வாரக்கணக்கில் உள்ளே இருக்கும். கூடலூர் ஊட்டியிலிருந்து ஐம்பது கிலோமீட்டர், பந்தலூர் அதையும் தாண்டி. நடுவட்டம் பக்கம் மழையில் மண் சரிந்தால் பஸ்ஸும் கிடையாது. அந்தத் தாய் எங்கே படுப்பாள் என்ற கேள்விக்குக் கூடத்தின் வரைபடத்தில் பதிலே இல்லை.

தனி அறை பார்க்க அழகு. ஸ்டாக்ஹோமில் 366 குறைமாதக் குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வு 2010இல் வெளிவந்தது: பெற்றோர் இரவும் பகலும் கூடவே தங்கிய குழந்தைகள் சராசரியாக ஐந்து நாளுக்கு மேல் முன்னதாகவே வீடு திரும்பினார்கள். ஆனால் அது சம்பளத்தோடு பெற்றோர் விடுப்பு கிடைக்கும் நாடு. அமெரிக்காவின் செயிண்ட் லூயிஸில் நடந்த, 2014இல் வெளியான ஆய்வு வேறு கதை சொல்கிறது. தனி அறையில் இருந்த குழந்தைகளின் மொழி வளர்ச்சி இரண்டு வயதில் பின்தங்கியிருந்தது. பெற்றோர் அதிகம் வந்து இருக்க முடியாத அறையில் பேச்சுக்குரலே குழந்தையின் காதில் விழவில்லை என்பதுதான் பெரும்பாலோர் சொல்லும் விளக்கம். நம் தேயிலைத் தோட்டத்துக் குடும்பத்தை இதில் வைத்துப் பாருங்கள். அப்பா வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலி இல்லை, வீட்டில் மூத்த பிள்ளை இருக்கிறது. அறை பாதி நாள் காலியாகக் கிடக்கும், கதவுக்குப் பின்னால் மானிட்டர் அடிப்பது நர்ஸுக்கு எட்டாது. இதற்கு நர்ஸ்களும் கூடுதலாக வேண்டும். அவ்வளவு பேருக்கு எங்கே போவது?

மூன்றாவதுக்கு வருவோம். உலக சுகாதார அமைப்பு ஐந்து நாடுகளில் நடத்திய ஆய்வின் முடிவு 2021இல் வந்தது. ஆய்வு நடந்த இடங்களில் டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனையும் ஒன்று. 1 கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் பிறந்த குழந்தைகளை, உடல்நிலை சீராகட்டும் என்று காத்திருக்காமல் உடனே தாயின் நெஞ்சோடு அணைத்து வைத்தார்கள். நாளுக்குச் சுமார் பதினேழு மணி நேரம். 28 நாளுக்குள் இறப்பு 15.7 சதவீதத்திலிருந்து 12 சதவீதமாகக் குறைந்தது. தாய் உள்ளே வந்தால் தொற்று வரும் என்று பயமுறுத்துவார்கள் அல்லவா, அங்கே தொற்றுச் சந்தேகமும் குறைவாகவே இருந்தது. உடல் சில்லிட்டுப் போவதும் குறைந்தது.

இந்தக் கடைசி விஷயம் மலைக்காரர்களுக்கு முக்கியம். பிரிவுக்குள் 26, 28 டிகிரி இருக்க வேண்டும், வெளியே உறைபனி. ஆடி மழையில் கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடத் தாமதமானால் வார்மர் ஆறிவிடும், அம்மாவின் உடம்பு ஆறாது. அவள் குளிக்கப் போனால் பாட்டியோ அப்பாவோ சட்டையைக் கழற்றிப் பிள்ளையை மார்பில் வைத்துக்கொள்ளலாம். அதற்குத் தடித்த திரை வேண்டும். பக்கத்துக் கட்டில்காரியின் புருஷன் உட்கார்ந்திருக்கும்போது எந்தப் பெண் ரவிக்கையைத் திறப்பாள்? ஆண்கள் வரும் நேரத்தைத் தடுப்பு வாரியாகப் பிரித்துவிடுவது நல்லது.

இதிலும் தொல்லை உண்டு. இடம் அதிகம் பிடிக்கும். தாயும் நோயாளிதான்: ரத்தப்போக்கு, பி.பி., தையல் எல்லாவற்றையும் பார்க்கப் பிரசவ டாக்டர் இங்கேயே ரவுண்ட்ஸ் வர வேண்டும், நர்ஸ்களும் இரண்டு வேலையும் பழக வேண்டும். இரண்டு துறைகளையும் ஒத்துப்போகச் செய்வது சுவர் எழுப்புவதைவிடக் கஷ்டம். அப்புறம், தானாக மூச்சு விட முடியாத குழந்தைகள் உலக சுகாதார அமைப்பின் அந்த ஆய்வில் சேர்க்கப்படவே இல்லை. வென்டிலேட்டர் பிள்ளைகளுக்காகச் சின்னதாக ஒரு திறந்த கூடத்தை வைத்துக்கொள்ளத்தான் வேண்டும், அங்கேயும் தாய்க்கு ஒரு சாய்வு நாற்காலியோடு.

ஊழியர்கள் எப்போதும் வரைபடத்தின் ஓரத்துக்குப் போய்விடுகிறார்கள். எல்லாத் தடுப்புகளும் கண்ணாடி வழியாகத் தெரியும்படி நர்ஸ் மேசையை நடுவில் போடுங்கள். ஜன்னல் உள்ள டூட்டி அறை ஒன்று கொடுங்கள். கெட்ட செய்தியை வராந்தாவில் நின்று சொல்லாமலிருக்க, கதவுள்ள ஒரு சின்ன அறையும் வேண்டும்.

பணம் போதாவிட்டால் ஃபால்ஸ் சீலிங்கையும் சுவரில் கார்ட்டூன் வரைவதையும் முதலில் வெட்டுங்கள். வெந்நீர் வரும் கழிப்பறையிலும் தாய்மாருக்கு மூன்று வேளைச் சாப்பாட்டிலும் மட்டும் கை வைக்காதீர்கள். அது இரண்டும் இல்லாத இடத்தில் எந்தப் பெண்ணும் பதினேழு மணி நேரம் படுத்திருக்க மாட்டாள்.