கைச்சைகைக் கருவி: சுழற்றுவதில் கெட்டி, சொடுக்குவதில் தடுமாற்றம்

விசைப்பலகைக்கு முன்னால் வைத்து யூஎஸ்பி கேபிளில் இணைத்துக்கொள்ளும் இந்தச் சிறிய கருவி, தனக்கு மேலே அசையும் கைகளை அகச்சிவப்பு ஒளியின் துணையால் கவனித்து, விரல்களின் நிலையை உடனுக்குடன் கணினிக்குத் தெரிவிக்கிறது. மவுஸைத் தொடாமலே எல்லா வேலையையும் முடித்துவிடலாம் என்பது விளம்பரம் தரும் உறுதி. அதில் பாதி உண்மை.

உண்மையான பாதி முப்பரிமாண மென்பொருளில் தெரிகிறது. திரையில் உள்ள ஓர் இயந்திரப் பாகத்தைக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துப் பிடித்து மணிக்கட்டைத் திருப்பினால், பாகமும் கூடவே திரும்புகிறது. கையை முன்னே நீட்டினால் விலகிப்போகிறது. மேசைப்பரப்பில் இரு திசைகளில் மட்டுமே நகரக்கூடிய மவுஸைக் கொண்டு இதைச் செய்ய, விசையை அழுத்திக்கொண்டு இழுத்து, அச்சை மாற்றி, மறுபடியும் இழுக்க வேண்டும். இங்கே நகர்த்தலும் சுழற்றலும் ஒரே அசைவில் முடிந்துவிடுவதால், கற்றுக்கொள்ள ஏறக்குறைய ஒன்றுமே இல்லை.

சொடுக்கும்போதுதான் சிக்கல். காற்றில் ஒரு பொத்தானை அழுத்த விரலை முன்னே தள்ளினால், விரல் நேராகச் செல்லாமல் சற்றே கீழே சரிகிறது; கர்சரும் சரிந்து பக்கத்துப் பொத்தானில் போய் நிற்கிறது. அழுத்தியதை உணர்த்த விரல்நுனியில் எதுவும் படுவதில்லை. இதைவிடப் பெரிய குறை, கை எப்போது கட்டளை இடுகிறது, எப்போது சும்மா அசைகிறது என்று கருவிக்குப் பிரித்தறியத் தெரியாதது. மூக்கைச் சொறியக் கையைத் தூக்கினாலும் பக்கம் புரண்டுவிடுகிறது. ஒரு கை மற்றதை மறைத்தாலும், நேரடி வெயில் விழுந்தாலும் விரல்கள் தப்பிப்போகின்றன.

கட்டளையை வெறும் அசைவிலிருந்து பிரித்தறிவதற்கான விடையை, அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர் ரிச்சர்ட் போல்ட் 1980-லேயே காட்டியிருந்தார்: பெரிய திரையில் ஒரு வடிவத்தைக் கையால் சுட்டி, அதை அங்கே வை என்று வாயால் சொன்னால் அது நகரும். எது, எங்கே என்பதைக் கை சொல்கிறது. எப்போது என்பதைக் குரல் சொல்கிறது. இந்தக் கருவியில் மைக் இல்லை. கணினியின் குரல் கட்டளை வசதியைத் தனியே இயக்கிச் சுட்டுவதை மட்டும் கைக்கு விட்டபோது, தவறான சொடுக்குகள் வெகுவாகக் குறைந்தன. தயாரிப்பாளர் இதைச் செய்யாமல் விட்டது எனக்கு விளங்கவில்லை.

நிமிர்ந்த தொடுதிரைகளின் காலத்திலிருந்தே ‘கொரில்லா கை’ என்று பேர்போன, கையைத் தூக்கியே வைத்திருப்பதால் வரும் தோள்வலியும் இங்கு உண்டு. முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டால் கொஞ்சம் தாக்குப்பிடிக்கலாம். முப்பரிமாண மாதிரிகளை வடிவமைப்பவர்களுக்கும், அறுவைக்கூடம் போலத் திரையைத் தொடவே கூடாத இடங்களில் படங்களைப் பார்ப்பவர்களுக்கும் இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன், அவர்கள் பயன்படுத்தும் மென்பொருள் இதை ஏற்கிறதா என்று முதலில் பார்த்துக்கொண்டால். கடிதமும் அட்டவணையும் தயாரிப்பவர்களுக்கு மவுஸே போதும்.