சென்டர் பின், பசை, தையல்: இதழின் உள்ளடக்கத்துக்கு எது பொருந்தும்?

நாங்கள் நடத்தும் காலாண்டிதழ் தொடக்கத்தில் 48 பக்கங்களோடு, நடு மடிப்பில் கம்பி அடிக்கும் சென்டர் பின் முறையில் வந்தது. பக்கங்கள் 96 ஆனதும், தாள்களைப் பசையால் ஒட்டிக் கட்டும் பெர்ஃபெக்ட் பைண்டிங்குக்கு மாறினோம். கடந்த ஆறு இதழ்களாகத் தையல் பைண்டிங்கில் கொண்டுவருகிறோம். மூன்றையும் ஒரே இதழுக்குச் செய்து பார்த்த பிறகு என் சாய்வு வெளிப்படையாகவே தையலின் பக்கம்தான் இருக்கிறது. கட்டுரை, கவிதை, புகைப்படத் தொடர் ஆகிய மூன்றும் கலந்த ஓர் இதழை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். வேறு வகை வெளியீடுகளுக்கு விடை மாறக்கூடும்.

பலரும் அறிந்ததை முதலில் சொல்லிவிடலாம். சென்டர் பின்னுக்குச் செலவும் நேரமும் குறைவு. ஆனால் முதுகு இல்லாததால் அலமாரியில் நிற்கும்போது இதழின் பெயர் தெரியாது. பெர்ஃபெக்ட் பைண்டிங்கில் முதுகு கிடைக்கிறது, வேலையும் விரைவாக முடிகிறது. தையலில் முதுகும் உண்டு, உறுதியும் உண்டு. செலவும் நாட்களும் கூடுகின்றன.

சென்டர் பின்னில் எல்லாத் தாள்களும் ஒன்றுக்குள் ஒன்றாக மடிந்து உட்காருவதால் உள்ளே போகப் போக ஒவ்வொரு தாளும் சற்று வெளியே தள்ளப்படுகிறது. 100 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 100 கிராம் எடை) தாளில் 64 பக்கம், அதாவது 16 தாள், என்று வைத்துக்கொண்டால் நடுத்தாள் ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஓரத்தை வெட்டிச் சமன் செய்யும்போது அந்த அளவு நடுப்பக்கங்களின் வெளிவிளிம்பிலிருந்தே போகிறது. பக்க வடிவமைப்பில் இதைக் கணக்கில் கொள்ளாவிட்டால், முதல் பக்கத்தில் தாராளமாகத் தெரியும் ஓர வெண்மை நடுப்பக்கத்தில் நெருக்கமாகிவிடும். 48 பக்கம் வரை எங்களுக்கு இது பொருட்டாக இருக்கவில்லை. மெல்லிய இதழுக்கு இன்றும் இதைவிட இயல்பான வடிவம் இல்லை என்றே கருதுகிறேன்.

பெர்ஃபெக்ட் பைண்டிங்குக்கு மாறிய முதல் இதழில்தான் அடி வாங்கினோம். கடற்கரையில் எடுத்த புகைப்படத் தொடர் ஒன்று வந்திருந்தது. அதில் ஒரு படத்தில் இரண்டு மீனவர்கள் ஆளுக்கொரு முனையில் நின்று ஒரே கயிற்றை இழுக்கிறார்கள். இருவருக்கும் நடுவே விறைத்து நிற்கும் அந்தக் கயிறுதான் படத்தின் உயிர். இரட்டைப் பக்கத்தில் பெரிதாக வைத்தோம். அச்சாகி வந்த பிரதியில் இடப்பக்கம் ஒருவர், வலப்பக்கம் ஒருவர், நடுவில் கயிறு முதுகுக்குள் போய் மறைந்திருந்தது. இரு கட்டை விரல்களாலும் அழுத்திப் பிரித்துப் பார்த்தால், இடப்பக்கத்துக் கயிறும் வலப்பக்கத்துக் கயிறும் ஒரு மில்லிமீட்டர் ஏற்ற இறக்கத்தில் நின்றன. அச்சகத்தைக் குறை சொல்ல இதில் எதுவும் இல்லை. இந்த முறையில் மடிப்புகளை ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர் சீவியெடுத்துவிட்டு, தனித்தனியாகிப்போன தாள்களின் விளிம்பில் பசை தடவுகிறார்கள். எதிரெதிரே இருக்கும் எந்த இரண்டு பக்கமும் ஒரே தாளாக இருக்க வழியே இல்லை. அதற்கேற்ப உள்விளிம்பை அகலமாக விட்டு, படத்தை ஒரு பக்கத்துக்குள் அடக்கியிருக்க வேண்டியது எங்கள் பொறுப்பு.

பசையை மட்டும் நம்பிய கட்டுமானத்தின் சிக்கல் பழையது. வில்லியம் ஹான்காக் 1836-இல் இங்கிலாந்தில் தையலே இல்லாமல் ரப்பர்க் கரைசலால் தாள்களை ஒட்டும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அப்படிக் கட்டிய நூல்கள் அழகாகத் திறந்தன; ஆண்டுகள் செல்லச் செல்ல ரப்பர் வறண்டு நொறுங்கி, தாள்கள் உதிர்ந்தன. இன்று பரவலாகப் பயன்படும், சூடாக உருக்கித் தடவும் ஈவிஏ பசை அதைவிடப் பல மடங்கு மேலானது என்றாலும், வயதாகும்போது அதுவும் விறைக்கிறது. பூச்சுள்ள ஆர்ட் தாளை அது நன்றாகப் பற்றுவதில்லை. எங்களுடைய அந்த இதழில் படங்கள் இருந்த ஆர்ட் தாள் பகுதியே முதலில் கழன்றது. பியுஆர் எனப்படும் பாலியூரித்தேன் பசை இதற்கு நல்ல மாற்று: காற்றின் ஈரத்தை ஏற்று இறுகும், மெல்லிய படலமாகவே பிடிக்கும், இதழும் நன்றாகத் திறக்கும். ஆனால் அதில் ஒரே ஓர் இதழ்தான் செய்திருக்கிறோம்; பத்து ஆண்டு கழித்து அது எப்படி இருக்கும் என்று என் அனுபவத்திலிருந்து சொல்ல முடியாது.

தையலுக்குப் போனது உறுதிக்காக என்றுதான் நினைத்திருந்தேன். போன பிறகே அதன் உண்மையான பயன் வேறு என்று புரிந்தது. தையல் இதழ் பாரம் பாரமாகக் கட்டப்படுகிறது. ஒரு பெரிய தாளை மூன்று முறை மடித்தால் 16 பக்கம் கொண்ட ஒரு பாரம். அதன் நடு மடிப்பின் வழியாக நூல் போகிறது. 96 பக்கத்துக்கு ஆறு பாரங்கள். மடிப்பைச் சீவுவதில்லை என்பதால் எல்லாப் பக்கங்களும் மடிப்பு வரை திறக்கின்றன. அதைவிட முக்கியம், ஒவ்வொரு பாரத்தின் நடுவிலும் இடமும் வலமும் ஒரே தாளாக ஓடும் ஓர் இரட்டைப் பக்கம் கிடைக்கிறது: 8-9, 24-25, 40-41, 56-57, 72-73, 88-89. சென்டர் பின் இதழில் இப்படிப்பட்ட இடம் ஒன்றே ஒன்று, பசையில் ஒன்றுகூட இல்லை, இங்கே ஆறு.

இந்த ஆறு இடங்கள் எங்கள் உள்ளடக்க வரிசையையே மாற்றிவிட்டன. முன்பெல்லாம் படைப்புகளை அடுக்கிவிட்டு, கடைசியில் படங்களைச் செருகுவோம். இப்போது முதல் வேலையாக ஆறு பாரங்களையும் வெற்றுத்தாளில் மடித்து மேசையில் வைக்கிறோம். அகலம் கேட்கும் படமோ, வரிகள் நீண்டு பக்கத்தைத் தாண்டும் கவிதையோ அந்த நடுக்களில் ஒன்றில் இறங்குகிறது; கட்டுரைகள் அவற்றைச் சுற்றி அமைகின்றன. புகைப்படத் தொடருக்கு மட்டும் ஒரு முழுப் பாரத்தை ஆர்ட் தாளில் அச்சிட்டு, மற்ற ஐந்தையும் பூச்சில்லாத தாளில் விட முடிகிறது. தாள் மாறும் இடத்தை விரலே உணர்வதால், வாசகர் கட்டுரையிலிருந்து படத்துக்குள் நுழைவதற்குத் தனியாகத் தலைப்புப் பக்கம் போட வேண்டியதில்லை.

தையலிலும் கவனக்குறைவுக்கு விலை உண்டு. தாளின் இழையோட்டம், அதாவது அதன் நார்கள் ஓடும் திசை, முதுகுக்கு இணையாக இருக்க வேண்டும். குறுக்கே போனால் பக்கம் விறைத்து நிற்கும், ஈரக்காற்றில் முதுகோரம் அலையலையாக நெளியும். ஓர் இதழில் அச்சகம் தாளைக் குறுக்காக ஏற்றிவிட்டது. அவ்வளவு செலவு செய்தும் கையிலிருந்து விட்டால் தானே மூடிக்கொள்ளும் இதழாக அது போனது. இப்போது தாள் வாங்கும்போதே ஒரு துண்டை இரு திசையிலும் வளைத்துப் பார்க்கிறேன்; எளிதில் வளையும்போது உண்டாகும் மடிப்புக்கோடுதான் முதுகுக்கு இணையாக வர வேண்டியது. பக்க எண்ணிக்கை 16-இன் மடங்காக வராதபோது அரைப் பாரம் சேர்க்க வேண்டியிருக்கும். ஒரு நல்ல கட்டுரையை அடுத்த இதழுக்குத் தள்ளிவைக்க நேர்ந்ததும் உண்டு.

பசை தவறான தேர்வு என்று நான் சொல்லவில்லை. ஆண்டுக்கொரு முறை புதுப்பிக்கப்படும் கையேடு, பொருட்பட்டியல், படமில்லாமல் ஒற்றைப் பத்தியாக ஓடும் கதை இதழ் ஆகியவற்றில் எதிரெதிர்ப் பக்கங்கள் ஒன்றையொன்று சார்ந்திருப்பதில்லை. அங்கே உள்விளிம்பை 20 மில்லிமீட்டர் விட்டுவிட்டுப் பசையிலேயே கட்டலாம். எங்கள் அடுத்த வெளியீடாக வரவிருக்கும் கவிதைச் சிறப்பிதழுக்கோ சென்டர் பின் என்று முடிவு செய்திருக்கிறோம். அது 40 பக்கம், பத்தே தாள், நடுவில் ஒரே ஓர் இரட்டைப் பக்கம். அந்த 20-21-இல் வைப்பதற்கான நெடுங்கவிதையைத் தேர்ந்தெடுத்துவிட்டோம். மற்றக் கவிதைகளின் வரிசையை அதிலிருந்து இரு பக்கமும் பின்னோக்கியும் முன்னோக்கியும் அடுக்கிக்கொண்டிருக்கிறோம்.