அடிவளவில் ஒரு சறுக்கு மேடு: சில மாரிகளுக்குப் பிறகு

வன்னியில் பிள்ளைகளுக்குச் சரிவு என்றால் குளக்கட்டுத்தான். மற்ற இடமெல்லாம் சமதரை. இரணைமடுப் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டுப் பிள்ளைகளும் கமுகு மட்டையைத் தூக்கிக்கொண்டு கட்டுக்குத்தான் ஓடுவார்கள். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வாய்க்கால். சறுக்கிச் சறுக்கிப் புல் போன இடத்தில் மாரி மழை கட்டையும் அரித்துவிடும். சரி, வளவுக்குள்ளேயே ஒரு சரிவு இருந்தால் என்ன என்று கட்டியதுதான் இந்த மேடு.

யோசனை நோர்வேயில் இருக்கும் தம்பியிடமிருந்து வந்தது. அங்கே வாசலில் வழித்த பனியை வீட்டுக்குப் பின்னால் குவித்து, மிதித்து இறுக்கி, இரவில் தண்ணீர் தெளித்து உறையவிட்டு, பிள்ளைகளைச் சின்னச் சின்ன ஸ்கீகளில், அதாவது காலில் மாட்டும் சறுக்குப் பலகைகளில், விடுவான். சூரியன் பட்டு உருகாமல் இருக்கச் சரிவை வடக்குப் பார்த்து அமைப்பானாம். நமக்குப் பிரச்சினை பின்னேர வெயில். அதனால் எங்கள் மேடு கிழக்குப் பார்த்தது. பிள்ளைகள் விளையாட வரும் நேரத்தில் வெயில் முதுகுப் பக்கம் போய்விடும், கண்ணும் கூசாது.

பனியில் ஸ்கீ உரசும்போது அடியில் மெல்லிய நீர்ப்படலம் உண்டாகிறது. அதனால் சின்னப் பிள்ளைகளுக்குப் பத்துப் பாகைச் சரிவே தாராளம். புல்லில் அந்த வழுக்கல் கிடையாது. அதே சரிவில் மட்டை அசையாது. எங்கள் மேடு 5 அடி உயரம், சறுக்கும் நீளம் 12 அடி, ஏறத்தாழ 25 பாகை. நாலு வயதுப் பிள்ளைக்கு இதற்கு மேல் உயரம் வேண்டவே வேண்டாம். உயரத்தைவிட முக்கியம் அடியில் ஓடி நிற்கும் சமதரை. 15 அடியாவது விடுங்கள். அந்த எல்லைக்குள் வேலிக் கதியாலோ கிணற்றுக்கட்டோ மரமோ இருக்கக்கூடாது. அவ்வளவு இடம் இல்லாத வளவில் இந்த வேலையைத் தொடங்காமல் இருப்பதே நல்லது.

மண் விஷயத்தில் நான் மிகக் கண்டிப்பு. கிணறு வெட்டிய சொந்த மண், அல்லது காலங்காலமாகக் கொத்தி விதைத்த காணியின் மண். காட்டோரத்திலிருந்து யாரோ மலிவாக ஏற்றித் தரும் மண்ணை எங்கள் பகுதியில் வாங்கவே கூடாது. 2009இல் போர் முடிந்த பிறகு இத்தனை வருடம் கண்ணிவெடி அகற்றியும், எந்த மண்ணில் என்ன கிடக்கும் என்று கேட்டுத்தான் ஆகவேண்டும். மேற்பரப்புக்குச் செம்மண் நல்லது, இறுகிப் பிடிக்கும். கிறவல் கலந்தால் முழங்கால் தோல் உரிந்துவிடும்.

அறுகம்புல்தான் இந்த மேட்டைக் காப்பாற்றுகிறது. புரட்டாதி கடைசியில் நட்டால் ஐப்பசி மழைக்கு வேர் பிடித்துவிடும். கார்த்திகை, மார்கழியில் மேட்டில் யாரையும் ஏறவிடுவதில்லை. பிள்ளைகள் முகம் சுருங்கும், ஆனால் அந்த ஓய்வு இல்லாவிட்டால் அடுத்த மாரியில் மேடே கரைந்து போகும். உச்சிக்குப் பின்னால் மழைநீர் திரும்பிப் போகச் சின்ன வாய்க்கால் வெட்டியிருக்கிறேன். புல் பிடிக்காத இடங்களில் பழைய கிடுகைப் போட்டு மூடுவேன்.

மாசி, பங்குனி மாதங்கள்தான் பொற்காலம். புல் காய்ந்தும் காயாமலும் இருக்கும், மட்டை அழகாக ஓடும். சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசத் தொடங்கினால் புல் தேய்ந்து புழுதி கிளம்புகிறது. அப்போது முதல்நாள் இரவே தண்ணீர் தெளித்து வைக்கிறோம்.

எதில் சறுக்குவது? சின்னவர்களுக்குக் கமுகு மட்டை. அகலமான அடியில் பிள்ளை உட்கார, பெரியவர் ஒருவர் ஓலைப் பக்கத்தைப் பிடித்து மெல்ல இறக்கலாம். காய்ந்தால் வெடிக்கும், தண்ணீரில் ஊறவைத்தால் இன்னும் கொஞ்ச நாள் தாங்கும். பள்ளிக்கூடம் போகும் வயதுக்காரருக்கு, நன்றாகக் கழுவிய யூரியாப் பைக்குள் வைக்கோல் அடைத்துக் கொடுக்கிறோம். நல்ல வேகம், இருக்கவும் மெத்தென்று இருக்கும். தறப்பாள் விரித்துத் தண்ணீர் ஊற்றுவதை நான் சொல்லமாட்டேன். வெயிலில் தோலைச் சுடும், ஈரத்தில் பிள்ளை நிற்கவேண்டிய இடத்தில் நிற்காது.

அப்புறம் பாம்பு. அறுவடை முடிந்தால் எலிகள் மேட்டில் வளை தோண்டும், எலிக்குப் பின்னால் விரியன் வரும். ஒவ்வொரு பின்னேரமும் தடியால் சுற்றித் தட்டிப் பார்த்து, வளை கண்டால் உடனே மண் அடைத்து மிதித்துவிடவேண்டும். நான் இல்லாத நாளில் அம்மம்மா பார்ப்பா. அவ பார்த்துச் சரி என்று சொல்லும் வரை ஒருவரும் ஏறமாட்டார்கள்.

கட்டுப் பக்கம் மட்டையோடு போகும் பிள்ளைகள் இப்போது எங்கள் ஒழுங்கையில் இல்லை. மாறாக, ஒழுங்கைப் பிள்ளைகள் எல்லாரும் எங்கள் வளவில்தான் நிற்கிறார்கள், ஏறும் பக்கம் அதனால் வேகமாகத் தேய்கிறது. வருகிற ஆவணியில் அங்கே பனங்குற்றி பதித்துப் படி வைக்கப் போகிறேன்.