விடுதி அறையா, நம்ம பசங்க வீடா?

எங்கள் ராயபுரம் தெருப் பையன் ஒருவன் செப்டம்பரில் ஜெர்மனிக்கு எம்.எஸ். படிக்கக் கிளம்புகிறான். எம்.சி. ரோட்டில் ஸ்வெட்டர் பார்க்கும்போது கேட்டான்: "அண்ணா, மாணவர் விடுதியா, தமிழ்ப் பசங்களோட வீடா?"

நம்ம பசங்க வீட்டில் முதல் மாதம் சுலபமாகப் போய்விடும். முகவரிப் பதிவு, வங்கிக் கணக்கு, காப்பீடு என எல்லாவற்றுக்கும் கூட வர ஆள் இருக்கும். இரவு ரசம் சோறு நிச்சயம். ஆனால் ஆறு மாதம் ஆனாலும் வாயில் ஜெர்மன் வராது. பகுதிநேர வேலை தேடும்போதுதான் அது உறைக்கும்.

விடுதி வேறு மாதிரி. நான் அங்கே படித்தபோது விடுதியில் என் மாடியில் பன்னிரண்டு பேருக்கு ஒரே சமையலறை. முதல் வாரம் ஒருத்தரும் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை, கடையெல்லாம் மூடியிருந்தது. அம்மா கொடுத்த புளிக்காய்ச்சலைச் சோற்றில் கிளறிக்கொண்டிருந்தேன். பக்கத்து அறைப் பையன் வாசனை பிடித்து வந்து உட்கார்ந்தான். கண்ணில் தண்ணீர் வர வர இரண்டாம் தட்டும் கேட்டான். அங்கே தேர்வுக்கு நாமே தனியாகப் பதிய வேண்டும், கெடு தப்பினால் எழுத முடியாது என்பதை அன்றைக்கு அவன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அப்புறம் இரண்டு வருடமும் சேர்ந்தே படித்தோம்.

வாடகையும் பெரும்பாலும் விடுதியில்தான் குறைவு. ஆனால் ம்யூனிக் மாதிரி ஊர்களில் இடம் கிடைக்கச் சில செமஸ்டர்கூட ஆகும். அதுவரை பசங்க வீடு சரி.

"விண்ணப்பத்தை இன்றைக்கே போடு" என்றேன். ஸ்வெட்டரைக் கீழே வைத்துவிட்டு மொபைலை எடுத்தான்.