டயானாவா, ஹோல்காவா, பிரௌனி ஹாக்ஐயா?

பழைய பிளாஸ்டிக் பிலிம் கேமரா ஒன்று வாங்கப் போகிறேன் என்று யாராவது வந்தால் நான் முதலில் கேட்பது, "படத்தில் எந்த இடம் மங்கினால் உங்களுக்குப் பரவாயில்லை?" என்றுதான். டயானா, ஹோல்கா, கோடக் பிரௌனி ஹாக்ஐ மூன்றிலுமே லென்ஸ் என்பது ஒற்றைச் சில்லுதான். ஒளியை அளக்க மீட்டர் கிடையாது. மூன்றும் சதுரப் படம் எடுக்கும். ஆனாலும் பிரிண்டைப் பார்த்தால் எது எதில் எடுத்தது என்று பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். ஒவ்வொன்றும் பிழை செய்யும் விதம் வேறு. அந்தப் பிழைதான் நமக்குப் பிடிக்க வேண்டும்.

மூன்றில் மூத்தது ஹாக்ஐ. அமெரிக்காவில் 1949-ல் வந்தது, ஃபிளாஷ் பொருத்தும் மாடல் 1961 வரை விற்றது. உடல் பேக்கலைட் என்ற பழைய காலக் கெட்டி பிளாஸ்டிக். கையில் எடுத்தால் கனமாக, இறுக்கமாக இருக்கும், கீழே விழுந்தால் மட்டும் விரிசல் விடும். இடுப்பளவில் பிடித்துக் குனிந்து பார்க்கும் வ்யூஃபைண்டர். லென்ஸ் கண்ணாடி. அதனால் மற்ற இரண்டையும்விடப் படம் தெளிவாக வரும், ஓரங்களில் மட்டும் இலேசாகக் கரையும். ஃபோகஸ் திருப்பும் வேலையே இல்லை. ஐந்தடிக்கு அப்பால் நிற்கிற எதுவும் ஏறக்குறைய சரியாக விழும். சிக்கல் பிலிமில்தான். இது கேட்பது 620 என்ற அளவிலான பிலிம் ரோல். கோடக் அதை 1995-ல் நிறுத்திவிட்டது. பிலிம் என்னவோ இன்றும் விற்கிற 120 அளவு ரோலில் வரும் அதே அகலப் பிலிம்தான், சுருள்கட்டை மட்டும் மெல்லியது. இருட்டில் 120 பிலிமை 620 கட்டைக்கு மாற்றிச் சுற்றிக்கொள்ளலாம். பல ஹாக்ஐகளில் புது 120 ரோலை அப்படியே போட்டு, மறுபக்கம் மட்டும் 620 கட்டை வைத்தாலும் போதும். வாங்கும்போது உள்ளே ஒரு காலிக் கட்டை இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். பிலிமைக் கழுவ லேபில் கொடுக்கும்போதும் "கட்டையைத் திருப்பித் தர வேண்டும்" என்று சொல்லிவிட்டே கொடுங்கள்.

அடுத்தது டயானா. எனக்கு மனதுக்கு நெருக்கமானது இதுதான், அதை மறைக்கப் போவதில்லை. 1960-களில் ஹாங்காங்கின் கிரேட் வால் பிளாஸ்டிக் தொழிற்சாலையில் செய்தது. மொத்த வியாபாரிகளுக்குக் குரோஸ் கணக்கில், அதாவது 144 கேமராக்களாக, ஒன்று சுமார் 50 சென்ட் விலைக்குப் போனது. திருவிழாக் கடைகளில் பரிசுப்பொருளாகக் கொடுத்தார்கள். பேனர், விண்ட்சர், டோரீஸ் என்று வேறு பல பெயர் ஒட்டியும் விற்றார்கள், ஆகவே பெயரைப் பார்க்காமல் உருவத்தைப் பாருங்கள். மேலே இளநீலம், கீழே கறுப்பு, கையில் வைத்திருப்பதே தெரியாத எடை.

120 பிலிமில் நாலு சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான சதுரமாகப் பதினாறு படம். பிளாஸ்டிக் லென்ஸ் நடுவில் மட்டும் ஓரளவு நிதானமாக இருக்கும். அங்கிருந்து வெளியே போகப் போக எல்லாம் இளகி ஓடும். வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்தால் கறுப்பு சாம்பலாகிவிடும். மழை நின்ற தெருவையோ, கொடியில் காயும் துணியையோ இதில் எடுத்துப் பாருங்கள். கண் பார்த்த மாதிரி இருக்காது, நாம் ஞாபகம் வைத்திருக்கிற மாதிரி இருக்கும். 1970-களில் அமெரிக்கப் படக்கலைஞர் நான்சி ரெக்ஸ்ராத் அங்கே தென்கிழக்கு ஒஹையோ மாநிலத்தின் சிறு ஊர்களில் இதைக் கொண்டு எடுத்த படங்களைத் தேடிப் பாருங்கள். வீட்டுச் சுவரும் மரமும்கூடக் கனவு போலத் தெரியும். கையில் வேறு கேமரா கிடைக்காமல் அவர் இதை எடுக்கவில்லை, இந்த லென்ஸ் செய்வது வேண்டும் என்றே எடுத்தார்.

ஆனால் முதல் கேமராவாக இதை வாங்கச் சொல்ல மாட்டேன். மெல்லிய பிளாஸ்டிக், ஐம்பது அறுபது வயது ஆகிவிட்டது. ஷட்டர் ஸ்பிரிங் ஒருநாள் ஒரு வேகம், மறுநாள் ஒரு வேகம். மூடியின் இடுக்குகள் வழியாக ஒளி கசியும். அந்த உருவத்தைப் பின்பற்றி 2007-ல் லோமோகிராஃபி நிறுவனம் கொண்டுவந்த டயானா எஃப் பிளஸ் நம்பகமானது, லென்ஸும் மாற்றலாம். பழசின் அந்தக் குழைவு அதில் எனக்கு முழுதாகக் கிடைக்கவில்லை.

ஹோல்கா 1980-களின் தொடக்கத்தில், அதுவும் ஹாங்காங்கில், டி.எம். லீ உருவாக்கியது. கான்டனீஸில் 'ஹோ குவோங்' என்றால் நல்ல வெளிச்சம், அதிலிருந்துதான் பெயர். அப்போது சீனாவில் சாதாரண மக்கள் கையில் புழங்கியது 120 பிலிம், அவர்களுக்காகச் செய்த குடும்பக் கேமரா இது. கொஞ்ச காலத்தில் 35 மி.மீ. பிலிம் வந்து அந்தச் சந்தையைப் பிடித்துக்கொண்டது. ஹோல்கா தப்பிப் பிழைத்தது வெளிநாட்டில், படக்கலைஞர்கள் கையில். 2000-ல் அமெரிக்க அதிபர் வேட்பாளர் அல் கோரின் தேர்தல் பிரசாரத்தில் பத்திரிகைப் படக்கலைஞர் டேவிட் பர்னெட் ஹோல்காவில் எடுத்த படம் பரிசு வாங்கியது. 2015 இறுதியில் உற்பத்தி நின்றுபோனது, 2017-ல் திரும்ப வந்தது. மூன்றில் இன்றும் புதிதாக, பழைய உருவம் மாறாமல் வாங்கக்கூடியது இது ஒன்றுதான்.

ஹோல்காவின் படம் டயானாவைப் போலக் குழையாது. நடுப்பகுதி நன்றாகவே கூர்மையாக இருக்கும், மூலைகள் நான்கும் இருண்டுவிடும். அதனால் எதை நடுவில் வைக்கிறோமோ அதற்கு ஒரு அழுத்தம் தானாகவே வரும். ஆள் முகம் எடுக்க இது டயானாவைவிட மேல். ஒரு ஆள், மூன்று பேர், கூட்டம், மலை என்று ஃபோகஸ் வளையத்தில் நான்கு படக்குறிகள். ஏறக்குறைய ஒரு மீட்டர், இரண்டு, ஆறு, பத்துக்கு மேல்.

வெயில், மேகம் என்று ஒரு பொத்தானும் உண்டு. 2009-க்கு முந்தைய ஹோல்காவில் அதை நம்ப வேண்டாம். வெயிலுக்குத் தள்ளினால் துளையுள்ள ஒரு தகடு வந்து நிற்கும், ஆனால் அந்தத் துளை, அங்கே நிரந்தரமாக இருக்கிற துளையைவிடப் பெரியது. வெளிச்சம் துளியும் குறையாது. இரண்டு நிலையிலும் கிடைப்பது சுமார் எஃப் 13 அளவுத் துளைதான் (எஃப் எண் கூடினால் துளை சிறிது). 2009-ல்தான் இதைச் சரிசெய்தார்கள்.

பிலிம் தேர்வுக்கு இந்தக் கணக்கு முக்கியம். ஹோல்கா ஷட்டர் ஏறக்குறைய 1/100 விநாடி. நல்ல வெயிலில் 100 ஐ.எஸ்.ஓ. பிலிம் அளவாகப் பொருந்தும் (இந்த எண் கூடக் கூடப் பிலிமுக்குக் குறைந்த ஒளியே போதும்). 400 போட்டால் இரண்டரை ஸ்டாப்புக்கு மேல் ஒளி கூடிவிடும் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்கு). நெகட்டிவ் பிலிம் அதைத் தாங்கிக்கொள்ளும், திரையில் போட்டுக் காட்டும் ஸ்லைடு பிலிம் தாங்காது. மேகமூட்டத்துக்கும் நிழலுக்கும் 400. ஹாக்ஐயின் ஷட்டர் 1/30 அளவுக்கு மெதுவானது, அதில் வெயிலில் 400 போடவே வேண்டாம். கை ஆடாமல் வயிற்றோடு அணைத்துப் பிடித்து அழுத்த வேண்டும்.

ஹோல்காவில் இன்னும் இரண்டு வேலை. பின்மூடியைப் பிடித்திருக்கும் உலோகக் கிளிப்புகள் கழன்றுகொள்ளும், கறுப்பு டேப் சுற்றிவிடுங்கள். பின்மூடியில் பட எண்ணைக் காட்டும் சிவப்பு ஜன்னலுக்கும் ஒரு துண்டு. பிலிம் தளர்வாகச் சுற்றினால் ஓரத்தில் ஒளி ஏறும், ஆகவே புது ரோலின் அடியில் மடித்த அட்டை ஒன்றைச் செருகினால் இறுக்கமாக வரும்.

சரி, எதை வாங்குவது? முதல் கேமரா என்றால் ஹோல்கா. வீட்டு மனிதர்களைத் தெளிவாக எடுத்து வைக்க ஆசை, கட்டை மாற்றும் பொறுமையும் உண்டு என்றால் ஹாக்ஐ. பத்து ரோலாவது எடுத்து முடித்த பிறகு டயானா. அதற்கும் முன்னால் வீட்டுப் பரணில் ஒருமுறை தேடிப் பாருங்கள். இந்தியாவிலேயே செய்த ஆக்ஃபா கிளிக் த்ரீ எத்தனையோ வீடுகளில் இருந்தது. அதுவும் 120 பிலிம்தான், பன்னிரண்டு படம். பின்மூடியைத் திறந்து, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து, ஷட்டரை அழுத்துங்கள். கண நேரம் ஒரு வட்ட வெளிச்சம் மின்னி மறைந்தால் அது இன்னும் வேலை செய்கிறது.