காரணம் தெரியாத கடிக்கு எதைப் பூசுவது? தேங்காய் எண்ணெய் முதல் குப்பைமேனி வரை

தோலில் பெரிதாக ஒன்றும் தெரியாது, ஆனால் இரவானால் கடி, அதாவது அரிப்பு, தாங்காது. கொழும்பில் இப்படிச் சொல்கிறவர்கள் நிறையப்பேர், எனக்கும் இருந்தது. வெள்ளவத்தையில் இதை வாய்திறந்து சொன்னால் போதும், மேல்மாடி அன்ரி வேப்பிலை அவிக்கச் சொல்வார், பக்கத்து வீட்டு ஐயா தைலம் பூசச் சொல்வார், வேலையிடத்தில் யாராவது ஒரு ஹோமியோபதி டொக்டரின் நம்பரைத் தருவார். ஆளுக்கொன்று சொல்லும்போது எதை எடுப்பது, எதை விடுவது? நான் பார்ப்பது இரண்டே விஷயம்: காரணம் தெரியும்வரை இது கடியைத் தாங்கவைக்குமா, இல்லை காரணத்தையே மறைத்துவிடுமா.

முதல் இடம் தேங்காய் எண்ணெய்க்கு. வரண்ட தோலில் வரும் கடிக்கு இதைவிட மலிவாகவும் நம்பிக்கையாகவும் வேறொன்று நம்மிடம் இல்லை. பிலிப்பைன்ஸில் செய்து 2004இல் வெளியான ஆய்வொன்றில், வரண்ட தோலுக்கு இது மினரல் எண்ணெய்க்குச் சமமாக வேலை செய்தது, 2014இல் எக்சிமா என்ற தோல் அழற்சி உள்ள பிள்ளைகளிடம் பார்த்தபோது அதைவிட நன்றாகவே செய்தது. பூசும் நேரம்தான் முக்கியம்: குளித்து, துவாயால் தேய்க்காமல் ஒற்றியெடுத்து, தோலில் கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே மெல்லியதாகப் பூச வேண்டும், காய்ந்த தோலில் அப்பினால் சாறத்திலும் தலையணை உறையிலும் ஒட்டுவதுதான் மிச்சம். விலை கூடியது நல்லதாக இருக்கும் என்று ஒலிவ் எண்ணெய் வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள், 2013இல் இங்கிலாந்தில் செய்த ஆய்வில் அது தோலின் பாதுகாப்புப் படலத்தைப் பலவீனமாக்கியது தெரியவந்தது, அதனால் அது வேண்டாம்.

ஆனால் நம்முடைய ஊர் வெக்கையில் தேங்காய் எண்ணெயும் எல்லாருக்கும் சரிவராது. ஏப்ரல் மாதத்து வியர்வையில் கழுத்து, முதுகெல்லாம் வியர்க்குரு போட்டிருக்கும்போது எண்ணெய் பூசினால் வியர்வை இன்னும் அடைபடும். தேமலை உண்டாக்கும் பூஞ்சை கொழுப்பைத் தின்றே வளர்கிறது, ஆகவே நெஞ்சிலும் முதுகிலும் வெளிறிய, மெல்லிய செதில் உதிர்கிற திட்டுகள் இருந்தால் எண்ணெய்ப் போத்தலை மூடி வையுங்கள். அந்த இடத்தில் பாமசியில் கிடைக்கும் இளஞ்சிவப்புக் கலமைன் லோஷன் மேல். அது தோலைக் காயவைக்கும். வியர்வைக்கு அந்தக் குணம் நல்லது, ஏற்கெனவே வரண்டு வெடித்த தோலுக்கு அதே குணம் கெடுதல். இந்த இரண்டில் எது என்று முடிவெடுக்க உங்கள் தோலை ஒருமுறை தடவிப் பார்த்தாலே போதும்.

வேம்பில் இலை வேறு, எண்ணெய் வேறு. இலையை அவித்து, மூடி ஆறவிட்டு, வடித்துக் குளிப்பதில் எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை, இதமாக இருக்கும். ஆற வேண்டும் என்பதுதான் முக்கியம். சுடுதண்ணீர் கடிக்கிற இடத்தில் படும்போது சுகமாகத்தான் இருக்கும், அப்புறம் கடி இரண்டு மடங்காகத் திரும்பிவரும். அந்த வாளியில் கிருமிநாசினியையும் ஊற்றுகிற வழக்கம் பல வீடுகளில் உண்டு, தயவுசெய்து விடுங்கள், தோல் இன்னும் எரிச்சல்படும். வேப்பெண்ணெய் வேறு கதை. சிலருக்கு அது பட்ட இடமே ஒவ்வாமையில் சிவந்துவிடும். குழந்தைகளுக்கு அதை உள்ளே கொடுக்கவே கூடாது: மலேசியாவில் 1980களின் தொடக்கத்தில் அப்படிக் கொடுத்த குழந்தைகளுக்கு வாந்தியும் வலிப்பும் வந்து உயிரிழப்பும் நடந்திருக்கிறது.

குப்பைமேனியை உப்பும் மஞ்சளும் சேர்த்து அரைத்துப் பூசுவது பழைய கை மருந்து. சொறிந்து புண்ணான தோலில் அந்த உப்பு படும்போது என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. பூசுவதைவிடச் சாப்பிடுவதுதான் பயம். ஜி6பிடி நொதிக் குறைபாடு உள்ளவர்கள் குப்பைமேனியைச் சாப்பிட்டால் சிவப்பணுக்கள் உடையும், இலங்கையிலேயே இது மருத்துவர்களால் பதிவாகியிருக்கிறது, தனக்கு அந்தக் குறைபாடு இருப்பது பலருக்குத் தெரியவும் தெரியாது. வட்டமாகப் படரும் படர்தாமரைக்குச் சீமை அகத்தி இலை உண்மையிலேயே பொருத்தமான மூலிகை, பூஞ்சையை எதிர்க்கும் கிரைசோபானிக் அமிலம் அதில் இருக்கிறது. ஆனாலும் இங்கே நான் பாமசிப் பக்கம்தான். குளோட்ரிமசோல் கிரீமில் எவ்வளவு மருந்து போகிறது என்பது நிச்சயம், இலையில் அது நிச்சயமில்லை. வட்டம் மறைந்த பிறகும் ஓரிரு கிழமை தொடர்ந்து பூச வேண்டும்.

தைலங்களில் உள்ள மெந்தோலும் கற்பூரமும் கொஞ்ச நேரம் குளிர்ச்சியைக் காட்டிக் கடியை மறக்கவைக்கும், அவ்வளவுதான். புண்ணில் படவே கூடாது. ஓட்ஸ் பற்றி இங்கே யாரும் பேசுவதில்லை, ஆனால் நன்கு பொடித்த ஓட்ஸை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகமே 2003இல் தோல் காப்புப் பொருளாக ஏற்றது. பாத்டப் வேண்டும் என்றில்லை, மெல்லிய துணியில் முடிந்து வாளித் தண்ணீரில் பிசைந்துவிட்டால் வழுவழுப்பான பால் நிறத் தண்ணீர் கிடைக்கும்.

உள்ளே சாப்பிடும் மருந்து என்றால், பொரளை ஆயுர்வேத வைத்தியசாலையில் பதிவுபெற்ற வைத்தியர் ஒருவர் பார்த்துத் தருவதும், புறக்கோட்டை கபோஸ் லேனில் நாமே கேட்டு வாங்குவதும் ஒன்றில்லை. இணையத்தில் விற்கப்பட்ட 193 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்து 2008இல் வெளியான ஆய்வில், ஐந்தில் ஒன்றுக்கு மேல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. லேபல் இல்லாத டப்பாவில் வரும் “மூலிகைக் கிரீம்” இரண்டே நாளில் கடியை மாயமாக்கினால் சந்தோஷப்படாதீர்கள், ஸ்டீரொய்ட் கலந்திருக்கலாம். அது படர்தாமரையின் மேல் படும்போது சிவப்பு அடங்கும், பூஞ்சை அடியில் பரவும், பிறகு டொக்டருக்கே அடையாளம் தெரியாத உருவில் வந்து நிற்கும். ஹோமியோபதி உருண்டைகளில் இந்தப் பயம் குறைவு, ஆனால் அது எந்த நோய்க்கும் பயனளிப்பதாக நம்பகமான ஆதாரம் இல்லை என்று ஆஸ்திரேலியாவின் தேசிய மருத்துவ ஆய்வுச் சபை 2015இல் முடிவு சொன்னது. அந்தக் காசுக்கு ஓட்ஸ் வாங்கலாம்.

கடி இரவில்தான் கூடுகிறது, விரலிடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றி இருக்கிறது, வீட்டில் இன்னொருவரும் சொறிகிறார் என்றால் அது பெரும்பாலும் சொறிப்பூச்சி. எண்ணெயாலும் வேப்பிலைத் தண்ணீராலும் அது போகாது. 5 வீத பெர்மெத்ரின் கிரீமைக் கழுத்துக்குக் கீழே முழு உடலிலும் பூசி 8 முதல் 14 மணி நேரம் வைத்துக் கழுவ வேண்டும், ஒரு கிழமையில் மறுபடியும். வீட்டில் எல்லாரும் ஒரே நாளில் பூசாவிட்டால் பயனில்லை. பழைய மருந்துகளில் இங்கே நிற்கக்கூடியது கந்தகக் களிம்பு, கைக்குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் டொக்டர்களே அதைத் தருவதுண்டு. பூச்சி செத்த பிறகும் சில கிழமைகளுக்குக் கடி இருக்கும், மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்துத் திரும்பத் திரும்பப் பூச வேண்டாம்.

தோலில் ஒரு அடையாளமும் இல்லாமல் கடி கிழமைக்கணக்கில் போனால் பூசுவதை விட்டு இரத்தம் சோதியுங்கள். இரும்புச்சத்துக் குறைவு, தைரொய்ட், ஈரல், சிறுநீரகம் எல்லாமே இப்படிக் கடிக்கவைக்கும். அரசாங்க ஆஸ்பத்திரித் தோல் கிளினிக்குகளில் காசில்லாமல் பார்ப்பார்கள், வரிசை நீளம், ஆனாலும் போங்கள். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் உள்ளங்கையும் உள்ளங்காலும் கடித்தால் மட்டும் எதையும் பூசிக்கொண்டு காத்திருக்க வேண்டாம், ஈரல் சம்பந்தமாக இருக்கலாம், வயிற்றில் உள்ள பிள்ளைக்கு ஆபத்து, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சொல்லுங்கள்.