அரவிந்த் கண் ஆஸ்பத்திரி கேம்ப்ல அப்பத்தாவுக்கு கண் ஆப்பரேஷன், எங்க அனுபவம்

எங்க அப்பத்தாவுக்கு 74 வயசு, உசிலம்பட்டி பக்கம் கிராமம். வலது கண்ணுல பொரை விழுந்து முத்திப்போய் ரெண்டு வருசமா யார்கிட்டயும் சொல்லாம சமாளிச்சிட்டு இருந்திருக்கு, சோத்துல ஊத்துற குழம்பு தட்டுக்கு வெளிய போறத பாத்துத்தான் எங்களுக்கே தெரிஞ்சது. டவுன்ல ஒரு கிளினிக்ல காட்டுனோம், 28 ஆயிரம் ஆகும்னாங்க. "அம்புட்டு காசுக்கு மூணு வெள்ளாடு வாங்கலாம்டா, எனக்கெதுக்கு இனிமே கண்ணு"ன்னு சொல்லிட்டு வந்து படுத்திருச்சு.

அப்பறம் பக்கத்து ஊர் ஸ்கூல்ல அரவிந்த் கேம்ப்னு ஆட்டோல மைக் கட்டி சொல்லிட்டுப் போனாங்க. ஞாயித்துக்கிழமை காலைல கூட்டிட்டுப் போனேன். வரிசையா டேபிள் போட்டு ஒரு இடத்துல பேர் எழுதி, ஒரு இடத்துல பார்வை டெஸ்ட், அடுத்து கண் பிரஷர், டாக்டர் பார்த்து ஆப்பரேஷன் வேணும்னு சொன்னதும் பிபி, சுகர், கண்ணீர்ப்பை டெஸ்ட்டுன்னு எல்லாம் அங்கயே முடிச்சிட்டாங்க. மத்தியானம் பஸ் வந்து நிக்குது. அன்னைக்கே மதுரைக்கு. நான் கூட வர்றேன்னேன், "வேண்டாம் தம்பி, நாங்க பாத்துக்கிறோம், நீங்க வேலைக்கு போங்க"ன்னு அந்த சிஸ்டர் சொன்னாங்க. எனக்கு மனசு கேக்கல, ஆனா பஸ்ல எங்க ஊர்க் கிழவிங்களே அஞ்சு பேரு இருந்ததால அப்பத்தா நான் நினைச்சத விட தைரியமா ஏறிருச்சு.

இந்த பஸ் விசயத்த கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா எனக்கு இதுதான் அந்த ஆஸ்பத்திரியோட மூளைன்னு தோணுது. ஆரம்பத்துல அவங்களும் ஆப்பரேஷன் மட்டும் ஃப்ரீன்னுதான் சொல்லிப் பாத்திருக்காங்க, ஆப்பரேஷன் வேணும்னு எழுதிக் குடுத்தவங்கள்ல நிறைய பேர் வரவே இல்ல. ஏன்னு போய் விசாரிச்சா பஸ்ஸுக்கு காசு இல்ல, அங்க போனா சாப்பாட்டுக்கு என்ன பண்றது, கூட வர்றவனுக்கு கூலி போயிரும், அப்பறம் பயம். அதுக்கப்பறம்தான் பஸ்ஸு, சாப்பாடு, தங்குறது, பொரைய எடுத்துட்டு கண்ணுக்குள்ள வைக்கிற லென்ஸ், மருந்து எல்லாத்தையும் சேத்து அவங்களே ஏத்துக்கிட்டாங்க. இல்லாதவங்களுக்கு உண்மையிலேயே எங்க இடிக்குதுன்னு கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு செய்யுற உதவி எத்தனை இருக்கு சொல்லுங்க, முக்காவாசி உதவி நம்ம வீட்டு வாசல் வரைக்கும் வராமலே நின்னு போயிருது.

மறுநாள் மனசு கேக்காம வேலை முடிச்சு வண்டிய எடுத்துட்டு மதுரைக்கே போயிட்டேன். ஆப்பரேஷன் முடிஞ்சு கண்ணுல கட்டோட ஹால்ல எங்க ஊர் ஆளுங்க கூட பாய்ல உக்காந்து கதை பேசிட்டு இருக்கு. "ஊசி போட்டாக, மரத்துப் போச்சு, வெத்தல போட்டு முடிக்கிற நேரங்கூட ஆகலடா"ன்னுச்சு. நிஜமாவே அப்பிடித்தானாம், டாக்டருக்கு ரெண்டு டேபிள், ஒருத்தருக்கு நடக்கும்போதே பக்கத்துல அடுத்தவங்கள சிஸ்டருங்க ரெடி பண்ணி வச்சிருவாங்க, டாக்டர் திரும்பி உக்காந்தா போதும். காசு கட்டுறவங்களுக்கு பாக்குற அதே டாக்டருங்கதான் முறை போட்டு ஃப்ரீ பக்கமும் வர்றாங்க. ரூம், ஏசி, எந்த லென்ஸ்னு தேர்ந்தெடுக்கிறதுலதான் வித்தியாசம், கைல வித்தியாசம் இல்ல.

லென்ஸுக்கும் ஒரு கதை இருக்கு. ஒரு காலத்துல வெளிநாட்டுல இருந்துதான் வரணும், ஏழைங்களுக்கு வைக்கவே முடியாத வெலை, அதனால பொரைய எடுத்துட்டு சோடாபுட்டி கண்ணாடிய மாட்டி விடுவாங்க, எங்க தாத்தாவோட அம்மா அப்பிடித்தான் இருந்துச்சாம். 1992ல மதுரைலயே ஆரோலேப்னு ஆரம்பிச்சு அவங்களே லென்ஸ் செய்ய ஆரம்பிச்ச பிறகுதான் அது சில நூறு ரூபாய்க்கு எறங்குச்சு. இன்னைக்கு நூறு நாட்டுக்கு மேல போகுது.

இந்த ஆஸ்பத்திரி டாக்டர் வெங்கடசாமி 1976ல கவர்மென்ட் வேலைல இருந்து ரிட்டயர் ஆன பிறகு, குடும்பத்தோட சேர்ந்து 11 படுக்கையோட மதுரைல ஒரு வீட்டுல ஆரம்பிச்சது. அவருக்கு முடக்குவாதத்துல விரல் எல்லாம் கோணிப்போய் பேனா பிடிக்கவே கஷ்டப்பட்டவர், அந்தக் கையோட கண் ஆப்பரேஷன் பழகி லட்சம் பேருக்கு மேல செஞ்சிருக்கார். படிச்சப்ப அழுகையே வந்துருச்சு.

"சும்மா எப்பிடி செய்வாங்க, எதாவது இருக்கும்"னு எங்க சித்தப்பா சந்தேகப்பட்டார். ஒளிமறைவு ஒண்ணும் இல்ல, காசு கட்டுற பேஷண்ட்டுங்க குடுக்கிறதுதான் பெரும்பங்கு, பார்வையிழப்பு தடுப்புத் திட்டத்துல அரசும் ஆப்பரேஷனுக்கு இவ்ளோன்னு குடுக்குது, கேம்ப் நடத்துற செலவ உள்ளூர் லயன்ஸ் கிளப்போ ஸ்கூலோ ஏத்துக்கிறாங்க. போன வருசம் நான் என் கண்ண காசு கட்டித்தான் அங்க காட்டுனேன். அந்தக் காசுல ஒரு பங்கு யாரோ ஒரு அப்பத்தாவுக்கு போயிருக்கும்னு இப்ப நினைச்சா நல்லா இருக்கு.

அங்க இருக்கிற சிஸ்டருங்க முக்காவாசி நம்ம மாதிரி ஊருங்கள்ல இருந்து +2 முடிச்சிட்டு வந்த புள்ளைங்க. ரெண்டு வருசம் ட்ரெயினிங், அப்பவே உதவித்தொகை குடுத்து தங்க வச்சுக்கிறாங்க. எங்க தெருவுல பூ கட்டுற அக்கா மக போன வருசம் சேந்திருக்கு, இல்லன்னா இந்நேரம் கல்யாணப் பேச்சு எடுத்திருப்பாங்க. இப்ப லீவுக்கு வந்தா தெருவே அதுகிட்ட வந்து கண்ண காட்டுது. என்னைக் கேட்டா ஆப்பரேஷனுக்கு சமமான காரியம் இது.

போறவங்க கவனிக்க வேண்டியது: சுகர், பிபி மாத்திரைய நிறுத்திறாதீங்க, அதிகமா இருந்தா ஆப்பரேஷன தள்ளி வச்சிருவாங்க. சாப்பிடுற மாத்திரை, ஆதார் கார்டு, ரெண்டு மாத்துத் துணி எடுத்துட்டுப் போங்க. திரும்பி வந்த பிறகு சொட்டு மருந்த நேரத்துக்கு விடணும், அவங்க சொல்ற வரைக்கும் தலைக்கு ஊத்தக்கூடாது, அப்பத்தா இதுல மட்டும் எங்க கூட தினமும் சண்டை. வயசானவங்களுக்கு கூட்டம் அதிகமா தெரிஞ்சா பக்கத்துல அரவிந்தோட விஷன் சென்டர், அதாவது சின்ன கண் பரிசோதனை மையம், இருக்கான்னு பாருங்க, சின்னக் கட்டணம்தான், சிஸ்டர் டெஸ்ட் பண்ணுவாங்க, டாக்டர் வீடியோல பேசுவார்.

ஒரு மாசம் கழிச்சு அதே ஸ்கூலுக்கு செக்கப்புக்கு வந்தாங்க. டெஸ்ட் பண்ணி முடிச்சதும் அப்பத்தா எந்திரிக்கவே இல்ல, சிஸ்டர் கையப் பிடிச்சுக்கிட்டு இடது கண்ண காட்டி, "இதுக்கு எப்ப தாயி பஸ் வரும்?"னு கேட்டுச்சு.